கடி ஈக்கு எந்தப் பொறி? பாட்டில், பசைப்பலகை, கரும்பானை, நீலக்கூடாரம்

ஐப்பசி மழை விட்டு வெயில் தலைகாட்டிய ஒரு காலையில், கறந்த பால் முழுவதும் என் கண்ணெதிரே தொழுவத் தரையில் ஓடியது. மாட்டைக் குறை சொல்ல முடியாது. முன்னங்காலில் ஏழெட்டு ஈ உட்கார்ந்து ஊசியால் குத்துவது போலக் குத்திக்கொண்டிருந்தால் யார்தான் அசையாமல் நிற்பார்கள்? அது முன்னங்காலை உதறியது, கூடவே பின்னங்காலும் எழும்பியது, வாளி கவிழ்ந்தது.

எங்கள் வீடு ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது. மூன்று கலப்பினப் பசு, ஓர் எருமை, இரண்டு கன்று. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து தை பிறக்கும் வரை எங்களுக்கு ஈக்காலம்தான். அம்மா வழக்கம்போல வேப்பிலையும் நொச்சித் தழையும் சேர்த்து மூட்டம் போட்டார். புகை எழும் வரை ஈ எட்டிப் போயிற்று, கன்று இருமியது, நெருப்பு அடங்கியதும் ஈ திரும்பி வந்தது. மூட்டம் ஈயை விரட்டும், ஆனால் எண்ணிக்கையைக் குறைக்காது. குறைய வேண்டுமென்றால் பிடித்தாக வேண்டும். அதனால் இரண்டு பருவங்களாகக் கையில் கிடைத்ததை வைத்துப் பொறி செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதைச் செய்வது என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் பருவத்தில் நான் செய்த பெரிய தவறு, எந்த ஈ என்று பார்க்காமலேயே பொறி செய்யத் தொடங்கியது. கடி ஈ என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் குறைந்தது மூன்று வகை இருக்கிறது. மூன்றுக்கும் குணம் வேறு. ஒன்றுக்கான பொறியில் பெரும்பாலும் மற்றது விழாது.

முதலாவது, வீட்டு ஈயைப் போலவே சாம்பல் நிறத்தில் இருக்கும் ஸ்டோமாக்சிஸ். இங்கே இதைத் தொழுவ ஈ என்று சொல்லிக்கொள்கிறேன். கூர்ந்து பார்த்தால் தலைக்கு முன்னால் ஒரு கருப்பு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டு ஈக்கு அது கிடையாது. ஆண், பெண் இரண்டுமே இரத்தம் குடிக்கும். மாட்டின் காலில், தலையை மேல்நோக்கி வைத்து உட்காரும். சில நிமிடங்களில் குடித்துவிட்டுச் சுவரிலோ கம்பத்திலோ போய் வெயில் காயும். அதாவது மாட்டின் மேல் நம் கண்ணில் படுவது, இருக்கிற கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான். அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் ஒரு முன்னங்காலுக்குச் சராசரியாக 5 ஈ என்பதை எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் நஷ்டம் என்பது கணக்கு. எங்கள் பசு அந்த எல்லையைக் காலைக் கறவையிலேயே தாண்டியிருந்தது.

இரண்டாவது குதிரை ஈ, அதாவது டபானஸ் இனம். உருவத்தில் பெரியது, கண் மட்டும் தலை முழுவதும் பரந்திருக்கும். இதில் பெண் மட்டுமே கடிக்கும். ஆண் பூந்தேனோடு நின்றுவிடும். இது குத்துவதில்லை, தோலைக் கத்தரித்துவிட்டு ஊறும் இரத்தத்தை நக்கும். எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால், ஈ எழுந்து போன பிறகும் ஒரு கோடு இரத்தம் வழிந்துகொண்டிருக்கும். நீரோரப் புல்லிலும் நாணலிலும் முட்டையிடும், புழு சேற்றில் வளரும். ஏரிக்கரைக்காரர்களுக்குப் பழக்கமான விருந்தாளி.

மூன்றாவது எருமை ஈ. உருவத்தில் சிறியது. தோள், முதுகு, விலா என்று கூட்டமாக அப்பிக்கொண்டு, தலையைப் பெரும்பாலும் கீழ்நோக்கி வைத்து உட்காரும். இரவும் பகலும் மாட்டின் மேலேயே குடியிருக்கும். மாடு சாணி போட்டால், அந்தச் சூட்டோடு இறங்கி முட்டையிட்டுவிட்டுத் திரும்ப ஏறிக்கொள்ளும்.

ஆகவே பொறியைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் கால் மணி நேரம் மாட்டின் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எங்கே கடிக்கிறது, தலை எந்தப் பக்கம், இரத்தம் வழிகிறதா என்று பாருங்கள். மாட்டுக்கு வலிக்கிறது என்பது மட்டும் இதில் கவலை இல்லை. ஒட்டகம், குதிரை, மாடுகளைத் தாக்கும் சர்ரா நோயின் கிருமியை 1880இல் தேரா இஸ்மாயில் கானில் கிரிஃபித் எவன்ஸ் கண்டறிந்தார். அதை ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்கு வாயிலேயே சுமந்து செல்வது குதிரை ஈயும் தொழுவ ஈயும்தான். பாதிக் குடியில் மாடு உதறினால் ஈ பக்கத்து மாட்டுக்குத் தாவுகிறது, ஊசியில் ஒட்டியிருக்கும் இரத்தமும் கூடப் போகிறது. தோல் கழலை நோய் பரவுவதிலும் கடி ஈக்களுக்குப் பங்கு உண்டு.

இனி பொறிகள். எல்லாரும் முதலில் செய்வது பாட்டில் பொறி, நானும் அதைத்தான் செய்தேன். தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே வெல்லக் கரைசலும் கருவாட்டுத் துண்டும் போட்டுக் கட்டினேன். மூன்று நாளில் பாட்டில் நிரம்பியது. பெருமையாக இறக்கிக் கொட்டிப் பார்த்தால் அத்தனையும் வீட்டு ஈ, பச்சை ஈ. ஊசி மூக்கு ஒன்றுகூட இல்லை. காரணம் எளிது. இரத்தம் குடிக்க வருகிற ஈ மாட்டின் உருவத்தையும் வெப்பத்தையும் மூச்சையும் தேடி வருகிறது, அழுகலைத் தேடி வருவதில்லை. கருவாடு இல்லாத தொழுவத்துக்குக் கருவாட்டைக் கொண்டு வந்து புதிதாக வீட்டு ஈயைக் கூப்பிட்டதுதான் மிச்சம். கடி ஈக்கு இந்தப் பொறி வேண்டாம்.

ஊதா விளக்கில் மின்கம்பி வைத்த பூச்சிக்கொல்லி விளக்கும் அப்படியே. தொழுவ ஈயும் குதிரை ஈயும் பகலில் வேலை செய்கிறவை. விளக்கு வேலை செய்வது இரவில். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் வீட்டுத் தோட்டங்களில் அத்தகைய விளக்குகளில் செத்து விழுந்த 13,789 பூச்சிகளை ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணினார்கள். அவற்றில் கடிக்கும் இனம் வெறும் 31. மற்றவற்றில் வண்டு, அந்து, நமக்கு வேண்டிய ஒட்டுண்ணிக் குளவி எல்லாம் இருந்தன. காசு கொடுத்து இதை வாங்குவதைவிட அந்தக் காசில் கொசுவலை வாங்கலாம், கீழே தேவைப்படும்.

அடுத்தது பசைப்பலகை. தோட்டத்தில் வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்துப் பழகியவர்களுக்கு உடனே இந்த யோசனை வரும். ஆனால் மஞ்சள் இங்கே சரியான நிறம் அல்ல. தொழுவ ஈயின் கண்ணுக்கு வெயிலில் புற ஊதாக் கதிரை எதிரொளிக்கும் பரப்புதான் விருந்து. கூரைக்குப் போடும் அல்சினைட் என்ற ஒளி ஊடுருவும் ஃபைபர் தகட்டில் இந்த ஈ மொய்ப்பதை 1970களில் கவனித்த அமெரிக்க ஆய்வாளர்கள் அதையே பொறியாக்கினார்கள். பிறகு வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையும் நன்றாகவே பிடிக்கிறது என்று தெரிந்தது. நமக்கு அது போதும். வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டையை முழங்கால் முதல் இடுப்பு உயரத்துக்குள் வருமாறு கழியில் கட்டி, இருபுறமும் எலி பிடிக்கும் பசையை மெல்லியதாகத் தடவி, காலை வெயில் படும் இடத்தில் நட்டேன். உயரம் முக்கியம். இந்த ஈ தாழப் பறக்கும். தலைக்கு மேலே கட்டினால் காற்றுக்குத்தான் பிடிக்கும்.

பிடித்தது. முதல் நாள் மதியத்துக்குள்ளேயே பலகையின் வெயில் பக்கம் புள்ளி புள்ளியாகக் கருத்துவிட்டது. குனிந்து பார்த்தபோது வரிசையாக எல்லாவற்றுக்கும் ஊசி நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பருவத்தில் முதன்முறையாகச் சிரித்தேன். மூன்றாம் நாள் அதே பலகையில் வைக்கோல் தூசி, தவிடு, புழுதி எல்லாம் ஒட்டிப் பசை செத்துப் போயிருந்தது. அதோடு ஓர் ஓணான், வயிறு முழுவதும் ஒட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டக்கூட முடியாமல் கிடந்தது. நல்லெண்ணெய் ஊற்றி ஊற்றி அரைமணி நேரம் உரித்தேன். வால் நுனி போயிற்று, உயிர் பிழைத்தது. அதற்குப் பிறகு பலகையைச் சுற்றி அகலக் கண் கோழிவலை அடித்துவிட்டேன். ஈ நுழையும், ஓணானும் குருவியும் நுழையாது. பசைக்குப் பதிலாக விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தேன். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் அது போதும், இவ்வளவு கனமான ஈ அதிலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது.

செலவு என்று பார்த்தால் பசைப்பலகை தொடக்கத்தில்தான் மலிவு. மூன்று நாளுக்கு ஒரு முறை பசை வாங்கினால், பின்னால் சொல்லப்போகும் நீலக்கூடாரத்துக்கு ஆன காசு மாதக் கடைசியில் செலவாகிவிடும். பத்து நாள் அவசரத்துக்கு, அதுவும் தொழுவ ஈ மட்டும் தொல்லை என்றால், இதைச் செய்யலாம்.

குதிரை ஈக்கு வெள்ளைப் பலகை பயன்படாது. அதற்கு வேண்டியது கருப்பு, பளபளப்பு, சூடு. கனடாவின் மனிடோபாவில் 1960களில் ஒரு பொறி வந்தது. பளபளக்கும் கரும்பந்து ஒன்று கூம்பு வடிவக் கூடாரத்துக்குக் கீழே ஆடிக்கொண்டிருக்கும். வெயிலில் சூடேறிய அந்தப் பந்தை மாடு என்று நம்பி வட்டமடிக்கிற ஈ, கடிக்க ஒன்றும் கிடைக்காமல் நேர்மேலே எழும்பும், கூம்பின் நுனியில் இருக்கும் பாட்டிலுக்குள் போய்ச் சேரும். இந்த ஈயின் கண் ஏன் கருப்புப் பளபளப்பில் மயங்குகிறது என்பதை ஹங்கேரியில் காபோர் ஹோர்வாத் குழுவினர் ஆராய்ந்தார்கள். நீர்ப்பரப்பிலிருந்து எதிரொளிக்கும் ஒளி ஒரே தளத்தில் அதிரும். குதிரை ஈ நீரை அடையாளம் காண்பது அந்த ஒளியை வைத்து. கருத்த, வழவழப்பான எதுவும் அதே ஒளியைத்தான் தருகிறது. வெள்ளைக் குதிரையைவிடக் கருங்குதிரை அதிகம் கடிபடுவதற்கும் இதுதான் காரணம் என்றார்கள்.

பெரிய பந்து கிடைக்காததால் நான் பொங்கல் பானை அளவு மண்பானை ஒன்றை எடுத்துக் கருப்பு எனாமல் பெயின்ட் இரண்டு பூச்சு பூசினேன். பானை ஒரு வகையில் பந்தைவிடத் தேவலை, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நான்கு மூங்கில் கழிகளைக் கூம்பாகக் கட்டி, மேல்பாதிக்கு வெள்ளைக் கொசுவலை சுற்றி, உச்சியில் பாட்டிலைக் கவிழ்த்துப் பொருத்தி, பானையை இடுப்பு உயரத்தில் தொங்கவிட்டேன். ஏரிப்பக்கம் வேலியோரம், நிழல் விழாத இடம். கரைமேல் போன பெரியப்பா நின்று பார்த்துவிட்டு, “என்னடா, மாட்டுக்குத் திருஷ்டி கழிக்கிறாயா?” என்று கேட்டார். வெள்ளைச் சுண்ணாம்புப் புள்ளி மட்டும் வைக்கவில்லை, மற்றபடி அவர் கேட்டதில் தவறில்லை. ஒரு வாரம் கழித்து அவரே வந்து பாட்டிலை எட்டிப் பார்த்தார். உள்ளே கட்டைவிரல் நகம் அளவு ஈக்கள் கண்ணாடியில் மோதும் சத்தம், பட்டாணி வறுபடுவது போல.

மேகமூட்டமான நாளில் இதில் ஒன்றும் விழுவதில்லை. பெயின்டில் புழுதி படிந்து பளபளப்புப் போனாலும் அப்படியே. வாரம் ஒரு முறை ஈரத் துணியால் துடைக்க வேண்டும், அவ்வளவுதான் பராமரிப்பு. தொழுவ ஈ இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஹங்கேரிக்காரர்கள் கருந்தட்டில் எண்ணெய் ஊற்றித் தரையில் வைக்கும் பொறியும் செய்திருக்கிறார்கள். அதில் ஆண் குதிரை ஈயும் விழும் என்பது கூடுதல் லாபம். ஆனால் தட்டானும் பளபளப்பைப் பார்த்து நீரென்று நம்பி இறங்குகிற பிறவி. ஈயைப் பறக்கும்போதே பிடித்துத் தின்கிற தட்டானை எண்ணெயில் முக்கி எடுப்பது, காவல்காரனைத் தூக்கிலிட்டுத் திருடனைப் பிடிப்பது போலாகும். ஏரிக்கரையில் நான் அதை வைக்கவில்லை.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். நீலமும் கருப்பும் கலந்த துணிக் கூடாரம். ஆப்பிரிக்காவில் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈக்காகப் பல ஆண்டுகள் பலர் மாற்றி மாற்றித் தைத்துப் பார்த்த பொறிகளின் வரிசையில் வந்தது இது. கென்யாவில் பணியாற்றிய ஸ்டீவ் மிகோக் இதைச் செம்மைப்படுத்தி 2002இல் வெளியிட்டார். பெயர் ‘என்சி’, சுவாகிலி மொழியில் ஈ என்று பொருள். செட்சி மட்டுமல்லாமல் குதிரை ஈயும் தொழுவ ஈயும் இதில் விழும் என்பதுதான் இதன் சிறப்பு. நான் பார்த்தவரை இரண்டையும் ஒரே இடத்தில் பிடிக்கிற வீட்டுப் பொறி வேறு இல்லை.

வேலை செய்யும் விதம் அழகானது. நீலம் தூரத்திலிருந்து ஈயை இழுக்கிறது. அருகே வந்ததும் உள்ளே இருக்கும் கருப்பு அதை உட்காரச் சொல்கிறது. உட்கார்ந்து ஏமாந்த ஈ வெளிச்சத்தை நோக்கி எழும்புகிறது. வெளிச்சம் இருப்பதோ பின்புறத்திலும் கூரையிலும் உள்ள வெள்ளை வலையில். அங்கிருந்து கூம்பு வழியாகப் பாட்டிலுக்கு. வந்த வழியே இறங்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குத் தோன்றுவதே இல்லை. பக்கத்துக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வரும் முக்கோணக் கூடாரம். முன்பக்கம் தாழ்வாக வாசல், மேலேயும் பக்கங்களிலும் நீலம், உள்ளே கருப்பு, பின்னால் வலை. விஷம் தேவையில்லை, பசை தேவையில்லை.

நிறத்தில்தான் நான் வழுக்கி விழுந்தேன். துணிக்கடையில் நீலத்துக்கு எத்தனை பெயர்! எம்.எஸ். நீலம், ஆனந்தா நீலம், மயில் கழுத்து நீலம். கண்ணுக்குப் பளிச்சென்று இருந்த ஒரு பாலியஸ்டர் துணியை மலிவாக இருக்கிறதே என்று வாங்கித் தைத்தேன். ஒரு வாரத்தில் பாட்டிலில் விழுந்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான். நம் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் இரண்டு நீலம் ஈயின் கண்ணுக்கு வெவ்வேறாக இருக்கலாம். ஆய்வுகளில் எடுபட்டது தாலோசயனின் சாயம் ஏற்றிய பருத்தித் துணி, ஊதா கலக்காத தெளிந்த நீலம். அடுத்த முறை பருத்தியில் அப்படி ஒரு நீலத்தைத் தேடிப் பிடித்து, சாயம் ஒரே சலவையில் போகாதா என்று கடைக்காரரிடம் இரண்டு முறை கேட்டு வாங்கினேன். அதே கூடாரம், அதே இடம், துணி மட்டும் வேறு. பாட்டிலை இரண்டு நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியதாயிற்று.

இதற்கு வாசனை சேர்க்க விரும்பினால் நம்மிடம் இருப்பதே போதும். கென்யாவின் ங்குருமன் பகுதியில் மாசாய் மக்களோடு சேர்ந்து செட்சி ஈயைக் கட்டுப்படுத்தியபோது, பொறியின் பக்கத்தில் வைத்தது அசிட்டோனும் பழைய மாட்டுக் கோமியமும். சில வாரம் ஊறிய கோமியத்தில் உருவாகும் ஃபீனால் வகைப் பொருள்கள் குதிரை ஈயையும் இழுக்கும். ஒரு புட்டியில் ஊற்றி மூடியில் துளை போட்டு வாசலுக்குக் கீழே புதைத்து வைத்தேன். நாற்றத்துக்கு அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தொழுவ ஈக்கு இதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதால், தொழுவ ஈ மட்டும் தொல்லை என்பவர்கள் இந்த வம்புக்கே போக வேண்டாம்.

கூடாரத்தின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தையல்கூலியோடு சேர்த்தால் நான்கு பொறிகளிலும் இதுதான் அதிகச் செலவு. எங்கள் ஊர்த் தையல்காரர் முதலில் இதைக் குழந்தைத் தொட்டில் என்று நினைத்துத் தலைகீழாகத் தைத்துக் கொடுத்தார். வெயிலில் ஓர் ஆண்டுக்கு மேல் நிறம் நிற்காது. காற்று பலமாக அடித்தால் சாயும். எல்லாவற்றையும்விட, கயிறு எட்டும் தூரத்தில் வைத்தால் மாடு தின்றுவிடும். எங்கள் வெள்ளைக்காரிக்கு நீலத் துணியின் ருசி தெரியும்.

எருமை ஈக்கு மேலே சொன்ன எதுவுமே உதவாது, மாட்டை விட்டு இறங்காத ஈயை எங்கே போய்ப் பிடிப்பது? அமெரிக்காவில் 1930களின் இறுதியில் புரூஸ் என்பவர் நடைப்பொறி ஒன்றைச் செய்தார். மாடு தண்ணீருக்குப் போகும் வழியில் ஒரு குறுகிய கொட்டகை. தொங்கும் சாக்குத் துண்டுகள் முதுகை உரசி ஈயைக் கிளப்பிவிடும், பக்கவாட்டு வலை அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஐம்பது மாடு தினம் ஒரே வழியில் போகும் பண்ணைக்கு அது சரி. ஓர் எருமைக்கு அவ்வளவு மரவேலை எதற்கு? ஏரியில் இறங்கிச் சேற்றைப் பூசிக்கொண்டு வரட்டும். ஜப்பானில் கருப்பு மாடுகளுக்கு வரிக்குதிரை போல வெள்ளைக் கோடு வரைந்து பார்த்து, ஈக்கடி பாதியாகக் குறைந்ததாக 2019இல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வுக்கு 2025இல் சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. சேறு பூசிய எருமையைப் பார்த்துப் பரிசு கொடுக்கத்தான் ஆள் இல்லை.

ஆகத் தேர்வு என்று வந்தால் என் கணக்கு இப்படி. கால்களில் மட்டும் கடி, ஏரியோ வாய்க்காலோ அருகில் இல்லை, இரண்டு மாடு என்றால் வெள்ளைப் பலகை இரண்டு போதும், கோழிவலையோடு. நீர்நிலை ஓரம், இரத்தம் வழியும் கடி, கையில் காசு குறைவு என்றால் கரும்பானை. இரண்டு ஈயும் இருந்து, மாடும் மூன்றுக்கு மேல் என்றால் தயங்காமல் கூடாரம். அதைத் தொழுவத்துக்கும் ஏரிக்கும் இடையில், புல்லைச் செதுக்கிய வெளியில், நாலு பக்கமும் தெரிகிற மாதிரி நடுங்கள். ஒரு பொறியோடு ஊர் ஈயெல்லாம் ஒழிந்துவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். குதிரை ஈ கிலோமீட்டர் கணக்கில் பறந்து வரும்.

தொழுவ ஈ அப்படி இல்லை, அதில் பெரும்பகுதி நம் வீட்டுத் தயாரிப்பு. தண்ணித்தொட்டி ஓரத்தில் மாடு கழித்த வைக்கோல், கோமியமும் சாணியும் ஊறி நசநசவென்று கிடக்கும் அல்லவா, அங்கேதான் முட்டையிடுகிறது. வெயில் காலத்தில் முட்டை ஈயாக இரண்டு மூன்று வாரம் ஆகும். வாரம் ஒரு முறை அதை வாரி எருக்குழியில் கொட்டி மூடினால் பாட்டிலில் விழுவதே பாதியாகிவிடுகிறது. முதல் பருவம் முழுவதும் நான் வெளியே பொறி வைத்துக்கொண்டு உள்ளே ஈ வளர்த்துக்கொண்டிருந்தேன் என்பதை மண்வெட்டியால் ஒரு நாள் கிளறியபோதுதான் கண்டேன். ஈர வைக்கோலுக்கு அடியில் பழுப்பு நிறக் கூட்டுப்புழு, கேழ்வரகைக் கொட்டி வைத்தது போல.

இந்த வாரம் இரண்டாவது கூடாரத்துக்குத் துணி எடுத்துத் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன். இந்த முறை பழையதையே மாதிரிக்குக் கொண்டுபோனேன். விரித்துப் பார்த்தவர், கீழ் ஓரத்தில் அரை முழம் காணவில்லையே, எலி கடித்ததா என்று கேட்டார். வெள்ளைக்காரி என்று சொன்னேன்.